போடில் கொடுத்த மாத்திரை

போடிலை டிவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனது அவள் முகத்துக்காக. அழகுக்காக இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகு என்று பார்த்தால் எங்கள் குழுவில் நானே தேவலை. அவளுக்கு அகலமான தாடை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத புருவம், எதையாவது யோசித்தால் அப்படியே நின்றுவிடுகிற கண். எங்கள் மேற்குக் கரை ஊரான எஸ்பியர்க்கின் துறைமுகத்தில் ஒரு சுற்று வந்தால் இப்படிப் பத்து முகம் எதிரே வரும். ஆனால் அந்த இயக்குநர் பையனுக்கு அது புதையலாகத் தெரிந்தது. எங்கள் தலைவலியும் அங்கேதான் ஆரம்பித்தது.

நானும் போடிலும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறோம். சாவி எங்களிடம் இருக்கும். காலையில் போய்த் திரையைத் திறந்து, எழுப்பி, உடுப்பு மாற்றி, ரொட்டி வெட்டிக் கொடுத்து, மாத்திரையை விழுங்க வைத்து, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். மழை, காற்று, பனி எதுவும் கணக்கில்லை. போடிலின் வீடுகளில் முக்கியமானது தோர்வலின் வீடு. தோர்வல் துறைமுகத்து ஐஸ் ஆலையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. மகள் இங்கர் கோபன்ஹேகனில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். கிழவருக்கு இதயம் பலவீனம். மாத்திரை ஒருவேளை தவறினாலும் கால் வீங்கி மூச்சு இழுக்கும். அந்த மாத்திரையை அவர் வாங்கிக்கொள்வது போடில் கையிலிருந்து மட்டும்தான். அவள் விடுப்பில் போகும் வாரம் நான் போனால், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் துப்பிவிடுவார். மனுஷருக்கு அவ்வளவு பிடிவாதம்.

அந்த வருஷம் ஒரு துப்பறியும் தொடரை எங்கள் ஊரில் எடுக்க வந்தார்கள். ஞாயிறு எட்டு மணிக்கு வருகிற மாதிரியான தொடர். அந்த ஒரு மணி நேரம் இந்த நாட்டில் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. காபியும் கேக்கும் வைத்துக்கொண்டு குடும்பமே பிணத்தைப் பார்க்கும். கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். துப்பறிகிற பெண் யாரிடமும் பேச மாட்டாள், தூங்க மாட்டாள், காருக்குள்ளேயே சாசேஜ் தின்பாள். இருட்டு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் சுவிட்ச் இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது, டார்ச்சைத்தான் அடிப்பாள். நானும் விடாமல் பார்க்கிறவள்தான், அதனால் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

இந்தத் தொடரில் ஒரு கிழட்டுக் கப்பல் முதலாளி படுக்கையில் செத்துக் கிடக்கிறார். அவரைத் தினமும் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கு இரண்டே வசனம். அந்த நடிகைக்கு எப்படி மாத்திரை கொடுப்பது, எப்படிக் கிழவரை நிமிர்த்தி உட்கார வைப்பது என்று காட்டித் தர ஒரு ஆள் கேட்டார்கள். அலுவலகம் போடிலை அனுப்பியது. அவள் செய்து காட்டினாள். கடைசியில் தன் வழக்கப்படி கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு நீட்டினாள். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு நடிகைக்கு வேறு வேஷம் தந்து, இவளையே அங்கே நிற்க வைத்துவிட்டான்.

"எனக்கு நடிக்கல்லாம் வராது," என்றாளாம் இவள்.

"அதுதான் வேணும். நடிச்சிடாதீங்க. மூஞ்சியில ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா ஜன்னலுக்கு வெளிய பாருங்க."

"என்னத்தப் பாக்கணும்?"

"ஒண்ணையும் பாக்க வேணாம். பாருங்க, அவ்வளவுதான்."

நான் அன்றைக்கே சொன்னேன், "போகாதடி, நமக்கு எதுக்கு இந்த வேலை?" கேட்டாளா? "ரெண்டு வசனம்தானே லிஸ்பெத். மதியச் சாப்பாடு வேற நல்லாப் போடுறாங்க," என்று சிரித்தாள்.

ரெண்டு வசனத்தோடு விட்டார்களா? இந்தத் தொடர்காரர்களுக்கு ஒரு வழக்கம். முழுக்கதையையும் எழுதிவிட்டு எடுப்பதில்லை. எடுத்துக்கொண்டே எழுதுவார்கள். முதல் பாதி டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசிப் பகுதி எழுத்தாளர் தலைக்குள்ளேயே இருக்கும். கொலை செய்தது யார் என்று நடிக்கிறவர்களுக்கே சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம். சிக்ரித் என்ற அந்த எழுத்தாளர் படப்பிடிப்பில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரைப் பிடித்துப்போகிறதோ அவர்களுக்குக் கதை வளரும். போடிலை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

முதலில் அந்தப் பாத்திரத்துக்குக் கிர்ஸ்டன் என்று பெயர் வந்தது. அடுத்த வாரம் கடலில் போன ஒரு புருஷன் வந்தான். அப்புறம் கிர்ஸ்டனுக்கு ஒரு சமையலறை, அதில் விளக்குப் போடாமல் தனியாக உட்கார்ந்திருக்க ஒரு நாற்காலி. ஒருநாள் காரில் போகும்போது போடில் மெல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு டிராயர் குடுத்திருக்காங்க."

"என்ன டிராயர்?"

"பூட்டின டிராயர். அத நான் தெனமும் பாக்கணுமாம். உள்ள என்ன இருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க."

பூட்டிய டிராயர் வைத்திருக்கிறவள் நல்லவளாக முடிந்த கதை எதையாவது நான் பார்த்திருக்கிறேனா?

இலையுதிர் காலத்தில் தொடர் ஓட ஆரம்பித்தது. முதல் வாரங்களில் கடையில், பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்ட மாட்டார்கள், அது தலைக்கனத்தில் கொண்டுபோய் விடும் என்று பயம். பிறகு சந்தேகம் கிர்ஸ்டன் மேல் திரும்பிய அந்த ஞாயிறு வந்தது. திரை முழுக்க ஒரு கோப்பை. விளிம்பில் போடிலின் கட்டைவிரல் மெதுவாகச் சுற்றுகிறது. பின்னால் யாரோ பெரிய வயலினை இழுஇழு என்று இழுக்கிறார்கள். அப்புறம் அவள் முகம், ஜன்னல் பக்கம் பார்க்கிறது. நான் அவளை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அந்த நிமிஷம் எனக்கே அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை காபி மேசையில் நஸ்ரின்தான் முதலில் வாயைத் திறந்தாள். ஈரானிலிருந்து சின்ன வயதில் வந்தவள், எங்கள் குழுவிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

"வா போடில், வா. எந்தத் தொடரை எடுத்தாலும் ரெண்டாவது வாரம் வெளிநாட்டுலருந்து வந்த எங்க ஆளுதான் கொலைகாரன், நாலாவது வாரம் பாவம் அப்பாவி. இப்ப உன் முறை. அனுபவி."

"நாலாவது வாரம் நான் அப்பாவி ஆயிடுவேனா?" என்றாள் போடில்.

"நீ வெள்ளைக்காரி. உன்னைக் கடைசி வரைக்கும் இழுப்பாங்க."

எல்லாரும் சிரித்தோம். போடிலும் சிரித்தாள். சிரித்துவிட்டு அவள் நேரே தோர்வல் வீட்டுக்குப் போனாள்.

தோர்வலுக்குப் புத்தி மழுங்கிவிடவில்லை. டிவி வேறு, வீடு வேறு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தெளிவு வியாழனுக்கு மேல்தான் இருந்தது. ஞாயிறு ராத்திரியிலிருந்து புதன் வரைக்கும் இரண்டும் கலந்துவிடும். அன்று அவள் மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்றதும் அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கெழவனக் கொன்னது நீயா?"

அதற்கு இந்த மகராசி சொன்ன பதிலைக் கேளுங்கள். "எனக்கே இன்னும் தெரியாது, தோர்வல்."

அதை அவள் காரில் என்னிடம் சொன்னபோது நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"ஏண்டி, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சா என்ன?"

"தெரியாதத எப்படி இல்லன்னு சொல்றது? அடுத்த மாசம் ஆமான்னு வந்துட்டா?"

"அவர் கேட்டது கிர்ஸ்டனயா? உன்னக் கேட்டாருடி, உன்ன."

மேற்குக் கரையில் பிறந்தவர்களிடம் இதுதான் தொல்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல நாக்கு எழும்பாது. அன்றைக்கு அவர் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார் என்றும், வாயைத் திறந்து காட்டச் சொல்லத் தனக்கு மனசு வரவில்லை என்றும் அவள் அப்புறம் சொன்னாள்.

அதன்பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பை விளிம்பைத் துடைப்பதை விட்டாள். துடைக்காமல் நீட்டினால் "ஏன் இன்னிக்குத் தொடைக்கல?" என்று கேட்டார் தோர்வல். முகம் பயமுறுத்துகிறதோ என்று சிரிக்கப் பார்த்தாள். "என்ன, சிரிக்கிற?" என்று அதற்கும் கேட்டார். வேறொரு வீட்டுக் கிழவி, இவள் எதையாவது கலந்துவிடுவாளோ என்று சர்க்கரை டப்பாவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். இன்னொருவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்த டிவி அம்மா நல்லவங்கதான், ஆனா வேற யாரையாவது அனுப்புங்க என்றார். எங்கள் மேலாளர் போடிலைக் கூப்பிட்டு நயமாகத்தான் பேசினாள், கொஞ்ச நாளைக்கு வேறு பக்கம் போகிறாயா என்று.

"தோர்வல மட்டும் எங்கிட்டருந்து எடுத்துடாதீங்க. வேற யார் குடுத்தாலும் அவர் மாத்திர சாப்பிட மாட்டார்," என்றாள் போடில்.

அவள் கொடுத்தாலும் சாப்பிடவில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, போடிலுக்கு ஓய்வு நாள், தோர்வல் வீட்டுக்கு நான் போயிருந்தேன். கிழவர் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தார். உதடு நீலம். கால் இரண்டும் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன. ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, அவருக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கும்போது பூத்தொட்டியைத் தள்ளிவிட்டேன். மண்ணோடு மாத்திரைகள் கொட்டின. கரைந்ததும் கரையாததுமாக ஒரு கைப்பிடி இருக்கும். அதை நான் போடிலிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டமாக இருந்தது.

சொன்னேன். அவள் அழவில்லை. "என் கையால குடுத்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

கிழவர் பிழைத்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி மாத்திரையை விட்டால் திரும்பி வர மாட்டார் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இங்கர் கோபன்ஹேகனிலிருந்து மேலாளரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அந்தப் பெண் அப்பா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். மேலாளர் வழவழ என்று ஒரு முடிவு சொன்னாள்: கடைசிப் பகுதி வரட்டும், கிர்ஸ்டன் கொலைகாரி இல்லை என்று தெரிந்தால் எல்லாம் அடங்கிவிடும், அப்போது பார்க்கலாம். இத்தனை வருஷம் அவரைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, ஹெர்ரிங் மீனுக்கு முள் பார்த்துக் கொடுத்தவளின் நல்ல பெயர் ஒரு தொடரின் கடைசிப் பகுதியில் போய்த் தொங்கியது. அதுவரை தோர்வல் வீட்டுக்கு நான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. நான் கொடுக்கிற மாத்திரையை அவர் எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறார் என்று நான் விரலை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியும் பாதி நாள்தான் மாத்திரை உள்ளே போனது.

போடில் வெட்கத்தை விட்டு சிக்ரித்திடம் போனாள். நானும் கூடப் போனேன், அவளுக்குக் கெஞ்சத் தெரியாது என்பதால்.

"நான் இல்லன்னு எழுதிடுங்க. ஒரு பெரியவர் உயிர் இதுல இருக்கு," என்றாள்.

சிக்ரித் உண்மையாகவே வருத்தப்பட்டாள், அதை மறைக்கக் கூடாது. காபி ஊற்றிக் கொடுத்தாள், போடிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போடில், இது உங்களப் பத்தின கதை இல்ல. கிர்ஸ்டன் வளந்துட்டா. இப்ப நான் நெனச்ச பக்கம் அவளத் திருப்ப முடியாது."

"நீங்கதானே எழுதுறீங்க? அப்புறம் யாரு திருப்புவா, மீன் சந்தையில இருக்கிறவனா?" என்றேன் நான். அதற்கு மேல் என்னை அங்கே யாரும் பேச விடவில்லை.

கடைசிப் பகுதியின் வசனம் போடில் கைக்கு வந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளும் விடவில்லை. ஆனால் படப்பிடிப்பு முடிந்த அன்று நேரே என் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக் கொடுத்தேன், ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி ஞாயிறு சாயங்கால முறை எனக்கு. தோர்வல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் போடில் நிற்கிறாள், சீருடை இல்லாமல், தன் சொந்தக் கோட்டில், கையில் கேக் பெட்டியோடு.

"உனக்கு என்ன பைத்தியமா? இங்கருக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும்."

"எட்டு மணிக்கப்புறம் அவர் என் முகத்துல முழிக்க மாட்டார் லிஸ்பெத். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

எனக்கு அப்போது புரிந்துவிட்டது, கிர்ஸ்டன்தான் கொலைகாரி என்று. நான் கதவைத் திறந்துவிட்டேன்.

கிழவர் டிவிக்கு முன்னால் கம்பளிக்குள் சுருண்டிருந்தார். போடிலைப் பார்த்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் மாத்திரையை நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. போடில் அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தோர்வல், அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னேன். இப்பத் தெரியும்."

"நீயா?"

"ஆமா. நான்தான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை அவள் அப்படி உடைத்தாள். நாடு முழுக்கக் காத்திருந்த சங்கதி அந்தச் சின்ன அறையில் எங்கள் மூன்று பேருக்குத் தெரிந்தது. கிழவர் அவளையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நீட்டினார், என் பக்கம் இல்லை, அவள் பக்கம். நான் மாத்திரையை அவளிடம் கொடுத்தேன். கோப்பையில் தண்ணீர் ஊற்றி, யோசிக்காமல் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு மாத்திரையைப் போட்டு, தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, யாரும் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.

உண்மையைச் சொன்னதால் நம்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

எட்டு மணி. பார்த்தோம். மழை, துறைமுகம், டார்ச். கிர்ஸ்டனின் சமையலறைக் கதவு திறந்தது, துப்பறிகிற பெண் உள்ளே வந்தாள். போடில் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கிர்ஸ்டன் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டிய டிராயரைத் திறந்து புருஷனின் பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினாள், அவ்வளவுதான். அடுத்த காட்சியில் அந்த ஊர்ப் பாதிரியார் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"நான் ஒத்துக்கிட்டேனே லிஸ்பெத். அந்தச் சமையலறையில நின்னு நான்தான் பண்ணேன்னு சொன்னேனே," என்று முணுமுணுத்தாள் போடில். இவளையும் பாதிரியாரையும் தனித்தனியே ஒத்துக்கொள்ள வைத்து எடுத்துவிட்டு, ஒருத்தருக்கு மற்றவரைப் பற்றிச் சொல்லாமலே வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெயர்கள் ஓடி முடிவதற்குள் போன் அடித்தது. இங்கர். குரலில் தேன் ஒழுகியது.

"பாத்தீங்களா? அந்தப் பாதிரியார்! நல்லவேளை. அப்பாகிட்டச் சொல்லுங்க, போடில் நாளையிலருந்து தாராளமா வரலாம்னு."

"சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டேன். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் என் வேலைதான் போயிருக்கும்.

தோர்வல் டிவியைப் பார்க்கவில்லை. போடிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இல்லையே," என்றார்.

"இல்லையாம்."

"நீதான்னு சொன்ன."

"அப்படித்தான் நெனச்சேன், தோர்வல்." அப்புறம் அவளுக்கு ஏதோ பொறிதட்டியது. ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள். "நான்தான்னு நம்புனீங்க இல்ல? அந்தக் கெழவரக் கொன்னது நான்தான்னு நம்பித்தானே மாத்திரைய வாங்குனீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் முழுங்குனீங்க?"

அவர் கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார். இவ்வளவு தெரியாதா என்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"நீயும் வராமப் போயிட்டா, எனக்குன்னு வேற யாரு வர்றா?"